கடைக்கு இடம் தேர்தல்

(வேளாங்கண்ணியை அடுத்த ஊராட்சிகளைச் சேர்ந்தோரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும், உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



என்னை இங்கே அழைத்தவர்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் என் முன் வைத்திருக்கிறார்கள். குழுக்கள் சேர்ந்து ஒரு கடை திறப்பதென்று முடிவாகிவிட்டது. அதை எங்கே திறப்பது? மூன்று இடங்கள் பேச்சில் அடிபடுகின்றன. ஒன்று, வேளாங்கண்ணிப் பேராலயத்திற்குப் போகும் கடைத்தெரு. இரண்டாவது, நம் ஊர் நடுவே, ஊராட்சிக்குச் சொந்தமான இடம். மூன்றாவது இடத்தைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். மின்னணுப் பொறிக்குள் சமைக்கப்பட்ட மெய்நிகர் உலகம் என ஒன்று உண்டாம். அதிலே மனை வாங்கிக் கடை கட்டினால் உலகத்தார் எல்லோரும் வருவார்களாம். அதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில் தவறில்லை. ஆனாலும், பிள்ளைகள் சொன்னதையும் தட்டிக்கழிக்காமல் ஆராய்வோம். போடப்போகும் முதல், வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த சந்தாவும், அதன்பேரில் வங்கி கொடுக்கும் கடனும் ஆகும். கடை நொடித்தாலும் கடன் நொடிக்காது; அது குழுவிலுள்ள ஒவ்வொரு தாயின் தலையிலும் வந்து விடியும். ஆகவே சிரித்துவிட்டு எழுந்து போவதற்கும் இல்லை, கைதட்டிவிட்டு எழுந்து போவதற்கும் இல்லை.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தகப்பனார் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் பேருந்து நிற்குமிடத்தில் ஒரு புளியமரம். மரத்துக்கு எதிரே கடை. காலையில் முதல் வண்டிக்குக் காத்திருப்போரும், இரவு கடைசி வண்டியில் இறங்குவோரும் அவரிடம் எதையாவது வாங்காமல் போவதில்லை. அந்த மனைக்கு ஊரிலுள்ள மற்ற மனைகளைப் போல இருமடங்கு விலை கொடுத்திருந்தார். பிற்பாடு சாலையை அகலப்படுத்தினார்கள். வண்டி திரும்ப வசதியில்லை என்று நிறுத்தம் மூன்று பர்லாங் தள்ளிப் போயிற்று. என் தகப்பனார் சரக்கைக் குறைக்கவில்லை, எடையிலே கைவைக்கவில்லை, யாரிடமும் முகம் கடுத்துப் பேசியதில்லை. ஆயினும் ஓராண்டுக்குள் கடையில் ஈயோட்ட நேர்ந்தது. அவர் வாங்கியது மனை என்று எண்ணியிருந்தார். உண்மையில் அவர் விலை கொடுத்தது பேருந்து நிற்பதற்கு. அந்த நிறுத்தமோ அவருடைய கையில் இல்லை.

இக்கதையை நினைவில் வைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக் கடைத்தெருவுக்கு வருவோம்.

அங்கே ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29இல் கொடியேறி, செப்டம்பர் 8இல் மாதா பிறந்தநாள் விழாவோடு முடியும் நாட்களில் இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். காவியுடை அணிந்து நெடுந்தொலைவிலிருந்து நடந்தே வருவோர் எத்தனை பேர்! திருநாள் அல்லாத காலத்திலும் சனி, ஞாயிறுகளில் தெரு நிறைந்திருக்கிறது. 1962இல் இக்கோயில் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது. 2010இல் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப்பாதை வந்தது. கோயில் இடம்பெயரப் போவதில்லை. ஆகையால், என் தகப்பனாருக்கு நேர்ந்தது இங்கே நேராது என்று நீங்கள் சொல்லலாம்.

அது பாதி உண்மை. கோயில் நகராது, கோயிலுக்கு வரும் வழி நகரும். இரயில் வந்தபோது ஒரு சாரார் வழி மாறினார்கள். வண்டிகள் நிறுத்தும் திடல் மாறினால் மற்றொரு சாரார் மாறுவார்கள். விழாக்காலத்தில் காவல்துறையார் ஒரு சவுக்குக்கழித் தடுப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாற்றினாலே, ஒரு சந்தில் உள்ளவர்கள் பிழைப்பார்கள், மற்றொரு சந்தில் உள்ளவர்கள் கையைப் பிசைவார்கள். ஆகவே வாடகை பேசுவதற்கு முன் ஊரைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள்.

வழியிலும் போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு. கோயிலை நோக்கிப் போகிறவன் கையில் மெழுகுவர்த்தியும், பூமாலையும், தேங்காயும் வேண்டும். நேர்ந்துகொண்டவன் காணிக்கை உருவம் தேடுவான். அவன் மனம் முழுதும் பிரார்த்தனையில் இருக்கிறது. ஊறுகாய்ப் புட்டி அவன் கண்ணில் படாது. அதே மனிதன் வேண்டுதலை முடித்து, கடலில் கால் நனைத்துத் திரும்பும்போதுதான் வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் நினைவு வருகிறது. செபமாலையும் படமும் சிப்பி விளக்கும் தின்பண்டமும் அப்போது விலை போகின்றன. உங்கள் கடையில் விற்கப்போவது என்ன? அப்பளம், ஊறுகாய், கருவாடு, பழைய நெல் வகைகளின் அரிசி, அவலும் மாவும். இவையெல்லாம் திரும்பும் வழிச் சரக்குகள். கோயில் வாசலுக்கு அருகே என்று பெரும் வாடகை கொடுத்து, போகும் வழியில் ஊறுகாய்க் கடை திறப்பது, நாற்றங்காலில் களத்துமேடு போடுவதைப் போன்றதாகும்.

சிறிய செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் தெற்குச் சிறகு, வடக்குச் சிறகு என்று தெருவைப் பிரித்துச் சொல்கிறோம். கடலை நோக்கிக் கிழக்கு மேற்காகப் போகும் தெருவில், தெற்குச் சிறகிலுள்ள கடை வடக்கே பார்த்திருக்கும். ஆண்டின் பெரும்பகுதி அதன் முன்னே நிழல் கிடக்கும். எதிர்ச் சிறகுக் கடை வெயிலில் காயும். நடந்து களைத்தவன் நிழலில்தான் நிற்பான்; நின்றவன்தான் வாங்குவான். வாடகை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும்!

இனி, கடலோரத்தையும் சொல்ல வேண்டும். கடற்கரைக்கு இறங்கும் இடத்தில்தான் கூட்டம் மிகுதி, அங்கேயே ஒரு கொட்டகை போடலாமே என்று சிலர் கருதுகிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் ஏறி வந்ததை இங்குள்ளோருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கரையோரத்தில் கடை விரித்திருந்தவர்களும், யாத்திரை வந்தவர்களும் அதில் அடக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியதும் நேற்றுப்போல் இருக்கிறது. இவை தவிர, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உள்ளன. கடற்கரையில் நினைத்த இடத்தில் நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. தள்ளுவண்டியிலே மாலைப்பொழுதில் விற்றுவிட்டுத் திரும்புவோர் வேறு. சரக்கறையும் குளிர்ப்பெட்டியுமாகக் கடன்முதல் போடுவோர் அங்கே போகவே கூடாது என்பது என் கருத்து.

அந்தக் கடற்கரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அமெரிக்கப் பொருளியல் அறிஞரின் நினைவு வரும். ஹாரல்டு ஹோட்டலிங் என்பவர் 1929இல் ஒரு கட்டுரை எழுதினார். அதை விளக்க வந்த ஆசிரியர்கள் கடற்கரையையே உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நாம் அதைச் சுண்டல்காரர்களாக வைத்துக்கொள்வோம். நீண்ட கடற்கரையில் இரண்டு சுண்டல்காரர்கள். ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துக்கொண்டு, தத்தம் பாதியின் நடுவே நின்றால் வாங்குவோருக்கு நடை குறைவு. ஆனால் ஒருவன் சற்றே நடுப்பக்கம் நகர்ந்தால், தன் பின்னே இருப்பவர்களையும் இழக்காமல், மற்றவன் பக்கத்து ஆட்களில் சிலரையும் இழுத்துக்கொள்ளலாம். மற்றவனும் அதையே செய்வான். கடைசியில் இருவரும் நடுக்கரையில் முதுகோடு முதுகாக நிற்பார்கள். கடைகள் ஒரே இடத்தில் வந்து குவிவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு; அது நமக்கு இன்னும் நெருக்கமானது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விளக்கு வாங்க வேண்டுமென்றால் அங்கே போவோம் என்று ஊரார் வருவதே, பல பட்டறைகள் ஒன்றாயிருப்பதால்தான். தனியே ஒருவர் வேற்றூரில் அதே விளக்கை வார்த்தால் யார் தேடிப்போவார்? பூம்புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சோலையில் நாளங்காடி இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இருசாரார்க்கும் பொதுவான நடு இடம். அங்கே எல்லாக் கடைகளும் ஒருங்கே. நம் முன்னோர் ஹோட்டலிங்கைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

ஆகையால், போட்டி இல்லாத இடம் பார்த்துக் கடை வைப்போம் என்று யாரேனும் சொன்னால், அங்கே போட்டி ஏன் இல்லை என்பதை முதலில் கேளுங்கள்.

இப்போது மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மெய்நிகர் உலகம் என்பது பொய்யுலகம் அன்று. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திருமணம் செய்துகொண்ட இணையர், தம் வரவேற்பை அத்தகைய உலகத்தில் வைத்தனர். விருந்தினர் அவரவர் ஊரில் இருந்தபடியே, பொம்மை உருவெடுத்து அங்கே போய் வாழ்த்தினர். செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அங்கே மொய் எழுதலாமாம், பந்திதான் கிடையாது.

கடை வைத்துப் பிழைக்கும் அளவுக்கு வளர்ந்த முதல் உலகங்களில் ஒன்று 'செகண்ட் லைஃப்'. அமெரிக்காவில் லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003இல் அதைத் திறந்தது. அங்கே நிலம் உண்டு. ஒரு வட்டகை என்பது பக்கத்துக்கு 256 மீட்டர் கொண்ட சதுரம். ஏறத்தாழ 16 ஏக்கர். நம் கணக்கில் இரண்டரை வேலிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மாதாமாதம் தீர்வையும் உண்டு. லிண்டன் டாலர் என்று தனி நாணயம். அதை உண்மைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். மக்கள் தங்கள் பொம்மை உருவுக்குச் சட்டையும், தலைமுடியும், வீடும், நாற்காலியும் வாங்கினார்கள். அவற்றைச் செய்து விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

அங்கே கடைக்கு எந்த இடம் நல்ல இடம்? தொடக்கத்தில் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவ நினைப்பவர் நேரே போய் இறங்க முடியாது. டெலிஹப் என்னும் இறங்குதுறைகள் ஆங்காங்கே இருந்தன. அருகிலுள்ள துறையில் இறங்கி, அங்கிருந்து பறந்தோ நடந்தோ போக வேண்டும். ஆகவே துறைக்குப் பக்கத்து மனைகளுக்கு விலை ஏறிற்று. எல்லோரும் அங்கேயே அங்காடிகளைக் கட்டினார்கள். பிறகு 2005 டிசம்பரில் அந்நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. இனி யாரும் எங்கே போக விரும்பினாலும் நேரே அவ்விடத்திலேயே இறங்கலாம் என்றது. இறங்குதுறைகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. அவற்றைச் சுற்றி அதிக விலைக்கு மனை வாங்கியிருந்தவர்களின் கதி என்னவாயிருக்கும்? புளியமரத்தடிக் கடையை உங்களுக்கு நான் முன்பே காட்டிவிட்டேன். இங்கே நிறுத்தம் மூன்று பர்லாங் தள்ளிப்போனது. அங்கே நிறுத்தம் என்ற ஒன்றே ஒழிந்தது. இங்கே சாலைபோட ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. அங்கே விதியைத் திருத்தியதோடு காரியம் முடிந்தது.

அதன் பின்னர் அங்கே இடம் என்பதற்குப் பொருளே மாறிவிட்டது. வாங்குவோர் தெருவில் உலாவிக் கடையைக் கண்டுபிடிப்பதில்லை. பெயர் எழுதித் தேடினார்கள். தேடினால் வரும் பட்டியலில் முதலில் நிற்கும் கடையே தெருமுனைக் கடை. அந்தப் பட்டியலில் மேலே ஏறுவதற்கு, எத்தனை பேர் வந்து எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்ற கணக்கு உதவியது. உடனே சில வணிகர்கள் கடைமுன் நாற்காலிகளைப் போட்டு, சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சில லிண்டன் காசு கொடுக்கத் தலைப்பட்டனர். கூலிக்குக் கூட்டம் சேர்ப்பது எங்கும் உள்ளதே! கடை நிறைந்திருக்கும், கல்லா காலியாயிருக்கும். இத்தகைய கூட்டத்தைக் கண்டு பக்கத்தில் மனை வாங்கியவன் என்ன ஆவான்?

பெருமுதலாளிகளும் ஏமாந்தார்கள். 2006இல் அமெரிக்கன் அப்பேரல் என்னும் ஆடை நிறுவனம் பெரும் விளம்பரத்தோடு அங்கே கடை திறந்தது, 2007இல் மூடிவிட்டது. அடுத்த தலைமுறையில் டிசென்ட்ராலாந்து என்ற உலகம் 2020இல் திறந்தது. அங்கே ஒரு மனை 16 மீட்டர் சதுரம், அதாவது 6 சென்ட் சொச்சம். 2021 நவம்பரில், ஆடை அலங்காரத் தெரு அமையப்போகிறது என்று சொல்லப்பட்ட பகுதியில் 116 மனைகளை ஒரு நிறுவனம் ஏறத்தாழ 24 இலட்சம் டாலர் மதிப்புக்கு வாங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே மனைவிலை பெரிதும் சரிந்தது.

காரணத்தைச் சிந்திக்க வேண்டும். நம் தஞ்சைத் தரணியில் ஒரு மா நிலத்துக்கு விலை இருப்பது, காவிரி இன்னொரு மா நிலத்தை நினைத்தவுடன் உண்டாக்க முடியாததால். வாய்க்கால் தலைப்பில் இருப்பவனுக்கும் கடைமடையில் இருப்பவனுக்கும் உள்ள வேற்றுமை, மேட்டூரில் கதவு திறந்து நீர் எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது. தூரம் நம்மை வருத்துகிறது. ஆகவே அண்மைக்கு விலை உண்டு. மெய்நிகர் உலகத்திலோ தூரம் என்பது உடையவன் எழுதிய விதி. அவன் நினைத்தால் தலைமடையைக் கடைமடையாக்குவான். வேண்டினால் புதிதாக ஆயிரம் வேலி படைப்பான். இவன் படைக்காவிட்டால் வேறொருவன் வேறோர் உலகத்தையே படைப்பான். அத்தகைய இடத்தில் மனைக்குப் பணம் போடலாமா? குழுப் பணத்தில் ஒரு ரூபாயும் போடக்கூடாது என்பேன்.

பிள்ளைகளின் முகம் வாடுகிறது. பொறுங்கள், உங்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு.

2020ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு வேளாங்கண்ணித் திருவிழா யாத்திரிகர் கூட்டமின்றி நடந்தது. மக்கள் வீட்டில் இருந்தபடியே தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கொடியேற்றத்தைக் கண்டு கும்பிட்டார்கள். பக்தி குறையவில்லை, ஆனால் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய வருவாயை அந்தப் பதினோரு நாளில் ஈட்டிக்கொள்ளும் குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதை நீங்களே கண்டீர்கள். ஒரே தெருவை நம்பிய கடைக்கு ஒரே காலோடு நிற்கும் பந்தலின் நிலைதான். அப்போது வாடிக்கையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் குறித்து வைத்திருந்தவர்களுக்கு, தெரு இல்லாவிட்டாலும் சரக்கு அனுப்பும் வழியாவது இருந்தது.

மேலும், எல்லாச் சரக்கும் ஒன்றல்ல. தாகத்துக்கு இளநீர் வேண்டியவன் பத்தடிக்கு அப்பால் போகமாட்டான். மாப்பிள்ளைச் சம்பா அரிசி வேண்டியவனோ நூறு கல் தொலைவில் இருந்தாலும் தேடி வாங்குவான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு நாலு பேர்தான் இருப்பார்கள். காலஞ்சென்ற நெல் ஜெயராமன் 170க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்து, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி உழவர்களிடையே பரப்பியதை அறிவீர்கள். அந்த நெல்லை இன்று விளைவிப்போர் பலர், கேட்போரும் பலர், ஆனால் கேட்போர் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றனர். எந்த ஒரு தெருவிலும் அவர்கள் கூட்டமாக நடப்பதில்லை. சிதறிக் கிடக்கும் வாடிக்கையாளரை ஒரு தெருவில் கூட்டித்தரத் தெருவால் முடியாது. அதற்கு மின்னணு வழியே தக்கது.

ஆனால் அதற்கு மனை வாங்க வேண்டியதில்லை. பொம்மை உரு எடுக்கவும் வேண்டியதில்லை. 2016இல் தொடங்கிய இ-நாம் என்னும் மின்னணு வேளாண் சந்தை, மூட்டைக் கணக்கில் விற்போருக்கு உள்ளது. பொட்டலக் கணக்கில் விற்க, பல செயலிகளையும் ஒரே வலையில் இணைக்கும் ஓ.என்.டி.சி. என்ற திறந்த வணிக அமைப்பு 2022 முதல் நடைபெறுகிறது. தனியார் அங்காடித் தளங்களும் பல. இவற்றில் எதிலும் வாடகை என்ற பெயர் இராது. கழிவு என்ற பெயரில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பேச்சுக்காக ஒரு கணக்கு: 100 ரூபாய்க்கு விற்கும் அரிசிப் பொட்டலத்துக்கு அடக்கம் 60 ரூபாய், தளத்துக்குக் கழிவு 20, உறைக்கும் ஒட்டுச்சீட்டுக்கும் 5. மீதி 15. பத்தில் ஒன்று பிரிக்கப்படாமல் திரும்பி வந்து, அதற்குப் போக வரத் தபால் கூலி 80 ரூபாயை நீங்களே ஏற்க நேர்ந்தால், ஒன்பது பொட்டலத்தின் ஆதாயம் 135இல் 80 போய்விடும். போதாக்குறைக்கு அந்தப் பத்தாவதன் உறைச்செலவும் வீண். அங்கும் தெருமுனை உண்டு. பட்டியலில் முதலில் நிற்க விளம்பரப் பணம் கேட்பார்கள். அங்கும் நிறுத்தம் உங்கள் கையில் இல்லை.

கடைத்தெருவின் கணக்கையும் அவ்வாறே போடுங்கள். மாத வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 300. பொட்டலத்துக்கு 10 ரூபாய் நிகர ஆதாயம் என்றால், வாடகைக்கு மட்டும் நாள்தோறும் 30 பொட்டலம் விற்க வேண்டும். கடைமுன் போவோரில் நாற்பதுக்கு ஒருவர் வாங்கினால், நாளொன்றுக்கு 1,200 பேர் போக வேண்டும். விழா நாளில் அது ஒரு நாழிகைக் கூட்டம். ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமையில்? அங்கேதான் கடை வாழ்வதும் வீழ்வதும் இருக்கிறது.

ஊர் நடுவே உள்ள இடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். ஊராட்சிக்கு வருவாய் வேண்டுமென்று கடைக்கட்டடம் கட்டுவது நல்ல நோக்கமே. ஆனால் புறம்போக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே கட்டிவிட்டு, பிறகு ஆளைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. நான் அறிந்த ஓர் ஊரில் பத்துக் கடைகள் கொண்ட வரிசையில் எட்டுக்குப் பூட்டு, ஒன்றில் வைக்கோல், ஒன்றில்தான் வியாபாரம், அதுவும் மாலையில். ஊர்க்கடைக்குப் பணம் வரும் காலமும் வேறு. சம்பா அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் எடைபோட்டு, பணம் வங்கிக்கு வரும் தை, மாசி, பங்குனியில் ஊரில் காசு புழங்கும். நடவுக் காலத்தில் பற்று எழுதத்தான் நோட்டு வேண்டும். கொள்முதல் நிலையத்துக்கு எதிரே அந்த மூன்று மாதம் கீற்றுக்கொட்டகையில் டீயும் இட்லியும் விற்றால் ஆதாயம் உண்டு. கொட்டகையைப் பிரித்துவிட்டு வந்துவிடலாம். கட்டடத்தைப் பிரிக்க முடியாது. ஊர் நடுவே உள்ள இடத்தைச் சரக்கறையாகவும், மாவு அரைக்கவும் பொட்டலம் கட்டவும் பயன்படுத்துங்கள். அதற்கு அது மிகப் பொருத்தமானது. உணவுப்பொருளுக்குரிய பதிவும் அந்த முகவரிக்கே வாங்கிவிடலாம்.

ஆக, என் யோசனை இது. கோயிலிலிருந்து பேருந்து நிலையத்துக்கோ இரயிலடிக்கோ திரும்பும் வழியில், நிழல் விழும் சிறகில், பத்தடிக்குப் பத்தடிக்கு மேற்படாத ஒரு சிறு கடை. முதலில் ஓராண்டு வாடகைக்கு மட்டும். முன்பணம் பெரிதாகக் கேட்டால் வேண்டாம். பெயர்ப்பலகை தமிழோடு மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் இருக்கட்டும். இங்கு வருவோரின் மொழிகள் அவை. நடந்து வந்தவனும் இரயிலில் போகிறவனும் 25 கிலோ மூட்டையைத் தூக்கமாட்டான். அவனுக்கு அரைக்கிலோ பொட்டலம் கொடுங்கள். அந்தப் பொட்டலத்தின் மேல் குழுவின் பெயரும், கைப்பேசி எண்ணும், செல்பேசியில் படம்பிடித்தால் உங்கள் மின்கடை திறக்கும் கட்டக்குறியும் அச்சாகட்டும். கொல்லத்துக்கோ சென்னைக்கோ போய்ச் சமைத்து உண்டபின், வேண்டுமென்று தோன்றினால் அவனே அங்கிருந்து எழுதுவான். மூட்டை அப்போது தபாலில் போகட்டும். தெருவில் பிடித்த வாடிக்கையை மின்வழியில் காப்பாற்றுவது இது. தளத்தின் பட்டியலில் முதலிடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் முதலிடம் அவன் அடுக்களை அலமாரி. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அவர்கள் செய்வார்கள். மெய்நிகர் உலகத்தையும் அவர்கள் ஓய்ந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கட்டும். நாளை எப்படியோ, யார் கண்டது? சுற்றிப் பார்க்கக் காசில்லை. மனை வாங்கத்தான் காசு.

ஆனால் என் சொல்லை நம்பியும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பேச்சில் உள்ள ஒவ்வொரு கடைக்கு எதிரிலும் குழுவிலிருந்து இருவர் உட்காருங்கள். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை, ஒரு செவ்வாய், ஒரு சனி, ஒரு ஞாயிறு, விழாவில் ஒரு நாள். இரண்டு கலயமும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். கோயிலை நோக்கிப் போகிறவர்க்கு ஒரு கலயத்தில் ஒன்று, திரும்புகிறவர்க்கு மற்றதில் ஒன்று. கையில் பை உள்ளவர், வெறுங்கையர், நின்று பார்த்தவர் என்று ஒருவர் தாளில் கோடு போட்டுக்கொள்ளட்டும். மழை பெய்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். மழைநாள் கணக்கே முக்கியம். பக்கத்துக் கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்க வேண்டாம். நன்றாயிருந்தால் மோசம் என்பார். மோசமாயிருந்தால், தம் கடையை உங்கள் தலையில் கட்ட எண்ணி, நன்று என்பார். அவர் கடைக் குப்பைக்கூடையில் எத்தனை காலி அட்டைப்பெட்டி கிடக்கிறது என்று மாலையில் பாருங்கள்.

அந்தக் கணக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வாடகை கேட்போரின் தொகையையும் எழுதி வாருங்கள். உட்கார்ந்து வகுத்துப் பார்ப்போம்.